அடிபம்பைத் திறந்து வைப்பதும் கழற்றிப் பார்ப்பதும்

சாம்பியாவின் கிழக்கு மாகாணத்தில் நியிம்பா என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கே தார்ச்சாலையை விட்டு இறங்கி, மொபானே மரங்களுக்கு நடுவே மண்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் ஓர் ஊர் வரும். அந்த ஊருக்கு எங்கள் அறக்கட்டளை சில ஆண்டுகளாக உதவி வருகிறது. தலைநகர் லுசாகாவில் வேலை பார்க்கும் இந்தியர்களும் சாம்பியர்களுமாகச் சேர்ந்து நடத்தும் சிறு அமைப்பு அது, சம்பளம் வாங்கும் ஆள் யாரும் கிடையாது. இதுவரை இரண்டு போர்வெல் போட்டுக் கொடுத்திருக்கிறோம், பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்குக் கூரை போட்டிருக்கிறோம், சில பருவங்களில் மதியக் கஞ்சிக்கு மாவு அனுப்புகிறோம். ஊர்க்காரர்களின் வரவுசெலவையும் பேசப் போகிறேன் என்பதால் ஊர் பெயரை விட்டுவிடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் இப்படி ஏதாவது ஓர் ஊரைத் தத்தெடுத்துப் பணம் அனுப்புகிறார்கள். அப்புறம் ஒரு நாள் "ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்று கிளம்புகிறார்கள். அந்தப் பார்த்துவிட்டு வருவதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எப்போது போவது என்பதிலிருந்தே சண்டை தொடங்கும். லுசாகாவில் எல்லோருக்கும் லீவு கிடைப்பது டிசம்பரில். அதனால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கிறிஸ்துமஸ் வாரத்தைச் சொல்வார். அங்கே நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரை மழை. டிசம்பரில் ஊரே வயலில் இருக்கும், பாதையில் வண்டி புதையும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை போனால் இன்னும் மோசம். போன வருட மக்காச்சோளம் குதிரில் தீர்ந்து, புதுக் கதிர் இன்னும் முற்றாத மாதங்கள் அவை. ஒரு வேளை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வீட்டில், நம் முகத்தைப் பார்த்ததும் இருக்கிற ஒரு கோழியை அடிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. விருந்தாளிக்குச் சமைக்காமல் அனுப்புவது அவர்களுக்குத் தலைகுனிவு.

2024இல் எல் நினோ வறட்சி வந்து பயிர் காய்ந்தது. பிப்ரவரி 29 அன்று அதிபர் ஹிச்சிலேமா அதைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். அந்த வருடத்தில் ஒரு வழி கண்டுபிடித்தோம், இன்றுவரை அதையே பின்பற்றுகிறோம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சோளமாவு, எண்ணெய், கபெந்தா கருவாடு, உப்பு எல்லாம் சமைக்கப் போகும் பெண்கள் கையில் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் ஐந்தாறு பேருக்கு மட்டும் என்று அளந்து அனுப்புவதில்லை. கூட்டத்துக்கு வரும் அத்தனை பேரும், எட்டிப்பார்க்கும் பிள்ளைகளும் சாப்பிடும் அளவுக்கு அனுப்புகிறோம். சமைப்பது அவர்கள், பரிமாறுவதும் அவர்கள், எனவே விருந்து அவர்களுடையதாகவே இருக்கிறது. ஷிமா என்ற சோளமாவுக் களியை வலது கையால் உருட்டிக் கீரையோடு சேர்த்துச் சாப்பிடுவதில் நமக்கு ஒரு சிரமமும் இல்லை. ஸ்பூன் தேடும் ஆட்களைவிட நமக்கு அங்கே மரியாதை கொஞ்சம் கூடுதல்.

என்னைக் கேட்டால் மனிதர்களைப் பார்க்க ஜூனில் போகவேண்டும். அறுவடை முடிந்திருக்கும், குளிராக இருக்கும், வேர்க்கடலை வேகவைத்துத் தருவார்கள், எல்லோருக்கும் பேச நேரம் இருக்கும். பம்பைப் பார்க்க அக்டோபரில் போகவேண்டும். லுவாங்வா பள்ளத்தாக்குப் பக்கம் அக்டோபர் வெயில் மண்டையைப் பிளக்கும், நிலத்தடி நீர் அடிமட்டத்தில் கிடக்கும். அந்த மாதத்தில் தண்ணீர் தரும் கிணறுதான் கிணறு. போர் போடுவதும் அப்படித்தான். மழை முடிந்த கையோடு ஏப்ரலில் தோண்டினால் எல்லாக் குழியிலும் தண்ணீர் காட்டும், கம்பெனிக்காரர் பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். செப்டம்பர், அக்டோபரில்தான் தோண்டவேண்டும் என்று இப்போது ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறோம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. லுசாகாவிலிருந்து கிரேட் ஈஸ்ட் ரோட்டில் 300 கி.மீ.க்கு மேல், மலைச்சரிவுகளில் வளைந்து வளைந்து. லுவாங்வா பாலத்தில் காவல் இருக்கும், அங்கே போனை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. பாலத்தருகே கருவாடு வாங்கலாம், வண்டி ஒரு மாதத்துக்கு மணக்கும்.

போனதும் நேரே ஊருக்குள் வண்டியை விடக்கூடாது. அது வழிவழியாக வரும் நிலம், அந்தப் பகுதியின் மரபுவழித் தலைவரின் பொறுப்பில் இருப்பது. அவர் சம்மதம் இல்லாமல் ஒரு குழியும் தோண்ட முடியாது. எனவே முதலில் தலைவரின் அரண்மனை. அரண்மனை என்றால் பெரும்பாலும் தகரக்கூரை வீடுதான். அங்கே இந்துனா என்று அவருடைய காரியக்காரர் ஒருவர் இருப்பார். அவரிடம் சொல்லிவிட்டு, காத்திருந்து, தாழ உட்கார்ந்து, கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டி வணக்கம் சொல்லவேண்டும். சர்க்கரை, சோப்பு, ஒரு மூட்டை மாவு கொண்டுபோவது முறை. அதற்கப்புறம்தான் ஊர் ஹெட்மேன். இதற்கு அரை நாள் போகும். எங்கள் குழுவில் ஒருவர் ஒவ்வொரு முறையும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கல்யாணத்துக்குப் போனால் மட்டும் முதலில் பெரியவர்களைப் பார்க்காமல் பந்தியில் உட்காருவாரா என்று ஒருமுறை கேட்டேன்.

ஊருக்குள் நுழைந்ததும் பாட்டு, நடனம், மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி, உரைகள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அது உண்மையான மகிழ்ச்சி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மரத்தடியில் உட்கார்ந்து "தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "நன்றாக இருக்கிறது, நன்றி." நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியிடம் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஹெட்மேன் இருக்கும்போது பெண்கள் பேசுவதும் குறைவு. தண்ணீர் எடுப்பவர்களோ அவர்கள்தான்.

அதனால் நாங்கள் இரவு பள்ளிக்கூடத்தில் தங்கி, விடிவதற்கு முன் பம்படியில் போய் உட்காருகிறோம். கூட வருவது பள்ளியின் ஆசிரியை ஒருவர், அந்தப் பக்கத்துப் பெண். மொழிபெயர்க்க ஆண் ஒருவரை அழைத்துப் போனால் பாதிப் பேச்சு வராது. நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் 20 லிட்டர் கேன்கள் வரிசையில் நிற்கும். சில கேன்கள் முந்தின இரவே வந்து இடம் பிடித்தவை. ஒரு அடிபம்புக்கு 250 பேர் என்பது பொதுவான கணக்கு. வரிசையை எண்ணிப் பார்த்தாலே அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பக்கத்து ஊர் பம்ப் நின்றுபோயிருக்கிறது என்பதையும் இந்த வரிசையில்தான் தெரிந்துகொண்டோம். அறிக்கை எதிலும் அது இல்லை.

ஆசிரியை அங்கே ஒரு பாட்டியிடம் வேறு மாதிரிக் கேட்டார்: "அம்பூயா, காலையில் முதல் வாளித் தண்ணீரை என்ன செய்வீர்கள்?" பாட்டி யோசிக்கவே இல்லை. கீரைப் பாத்திக்கு ஊற்றுவோம் என்றார். ஏன்? சிவப்பாக வரும், டீ போட்டால் கறுத்துப்போகும், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையைத் துவைத்தால் கறை பிடிக்கும். பக்கத்தில் நின்ற இளம் பெண் இன்னொன்றும் சொன்னார்: குடிக்க மட்டும் சில வீடுகளில் ஓடை மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரையே எடுக்கிறார்கள், ருசி அதில்தான் இருக்கிறதாம். லட்சக்கணக்கில் செலவழித்துப் போட்ட போர்வெல் இருக்க, பழைய ஊற்றுக்கே போகிறார்கள். முந்தின நாள் மரத்தடியில் இதே பெண்கள்தான் நன்றிப் பாட்டுப் பாடினார்கள்.

இந்த இடத்தில் பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாம்பியாவின் கிராமங்களில் எங்கு பார்த்தாலும் நிற்பது இந்தியா மார்க் 2. நம் ஊர்த் தெருமுனைகளில் நிற்கும் அதே அடிபம்ப். 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழமான கிணறுகளில் சோதிக்கப்பட்டு, சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையில் முதலில் தயாரான பம்ப் இது. அந்தக் கைப்பிடியைப் பிடித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வரும். ஆனால் நம் ஊரில் அது ஓடியதற்குக் காரணம் பம்ப் மட்டும் இல்லை. பஞ்சாயத்து யூனியனில் ஒரு மெக்கானிக் இருந்தார், வாஷர் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே அடிபம்புகளில் மூன்றில் ஒன்று எந்த நேரத்தில் பார்த்தாலும் வேலை செய்யாமல் நிற்கிறது என்று 2009இல் கிராமப்புற நீர் வழங்கல் வலையமைப்பு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. திறப்புவிழாப் படம் எல்லாவற்றுக்கும் இருக்கும்.

சிவப்புத் தண்ணீருக்கு இரண்டு காரணம் இருக்கலாம். நிலத்தடி நீரிலேயே இரும்பு இருக்கலாம், அல்லது குழாய் துருப்பிடித்துக் கரையலாம். எது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். இரவு முழுக்கச் சும்மா இருந்த பம்பில் முதல் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். ஒரு மணி நேரம் எல்லோரும் அடித்து எடுத்த பிறகு இன்னொரு பாட்டில். இரண்டாவது தெளிந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் குழாய்தான். இரண்டும் ஒரே மாதிரி சிவந்திருந்தால் பூமி. எங்களுக்கு இரண்டாவது பாட்டில் தெளிவாக இருந்தது. காகிதப் பட்டையில் பி.எச். பார்த்தால் 6.5க்குக் கீழே. அப்படிப்பட்ட அமிலத் தன்மையுள்ள நீர் ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சை முதலில் தின்னும், பிறகு இரும்பை. உகாண்டாவில் இதே பிரச்சினை முற்றி, 2016இல் அரசே ஜி.ஐ. குழாய் போடுவதை நிறுத்தச் சொன்னது.

இன்னொரு சோதனையும் உண்டு. அரை மணி நேரம் யாரும் தொடாமல் விட்டு, பிறகு அடித்தால் நல்ல பம்பில் ஐந்து முறை அடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிடும். எங்களுடையதில் இருபதைத் தாண்டியது. உள்ளே தண்ணீர் கீழே வடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கீழ் வால்வு ரப்பர் தேய்ந்திருக்கவேண்டும், இல்லையென்றால் குழாயில் ஓட்டை.

கழற்றிப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. சாம்பியாவில் இதற்கென்று ஏரியா பம்ப் மெண்டர் என்று பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு வந்தவர் சைக்கிளில் ஸ்பானர் மூட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று ஊர் தள்ளி இருந்து வந்தார். மேல்தலையைக் கழற்றி, சங்கிலியை விடுவித்து, கவ்வி போட்டுக் குழாயைத் தூக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றும் மூன்று மீட்டர், நாற்பத்தைந்து மீட்டர் ஆழத்துக்குப் பதினைந்து குழாய். உள்ளே கம்பி, தண்ணீர் எல்லாம் சேர்த்துத் தொடக்கத்தில் 200 கிலோ எடை வரும். ஊர் இளைஞர்கள் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருந்த பகுதி வந்தபோது நிலைமை தெரிந்தது. மரை முழுக்கத் தின்னப்பட்டிருந்தது. ஒரு குழாயில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. நகத்தால் சுரண்டினால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. போட்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

மெண்டர் எதுவும் பேசாமல் அந்தக் குழாயை எங்கள் முன்னால் வைத்தார். பிறகு ஆசிரியை வழியாகச் சொன்னார்: "இந்தப் பக்கத்தில் எல்லாக் கிணற்றிலும் இப்படித்தான். யாரும் என்னைக் கேட்டு வாங்குவதில்லை."

எனக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த மிகப் பயனுள்ள வாக்கியம் அது. போர் போடும் முன் அந்தப் பகுதி மெண்டரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசுங்கள். எந்தக் கிணறு எப்போது நிற்கிறது, என்ன பழுது, எந்தச் சாமான் எங்கே கிடைக்கிறது என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கிறது. அமிலத் தண்ணீர் உள்ள இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயும் கம்பியும் போடவேண்டும். ஆழம் குறைவென்றால் அதற்கேற்ற பி.வி.சி. போதும். விலை கூடுதல்தான், ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஜி.ஐ. மாற்றுவதோடு ஒப்பிட்டால் மலிவு. எந்தக் குழாய் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் கம்பெனி மலிவானதைத்தான் போடும். அதோடு தோண்டிய ஆழம், நீர்மட்டம், ஊறும் அளவு எல்லாம் குறித்த தாளில் ஒரு நகல் பள்ளியிலும் ஒரு நகல் மாவட்ட கவுன்சிலிலும் இருக்கவேண்டும். லுசாகாவில் நம் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் மெண்டருக்கு என்ன பயன்?

அன்று அவருக்குக் கூலி கொடுக்கும் நேரத்தில் எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம். குழுவில் ஒருவர் தாராளமாகப் பர்ஸைத் திறந்தார். ஆசிரியை தடுத்தார். நாம் லுசாகா கணக்கில் கொடுத்துவிட்டால் அடுத்த முறை ஊர்க்கமிட்டி கூப்பிடும்போது அவர்கள் கொடுக்கும் தொகை அவருக்குச் சின்னதாகத் தெரியும் என்றார். கமிட்டிதான் கொடுத்தது, வழக்கமான கூலி. நாங்கள் அவருக்கு ஒரு நல்ல பைப் ரெஞ்சும் கவ்வியும் வாங்கிக் கொடுத்தோம். கூட்டத்துக்கு வந்தவர்களுக்குப் படி கொடுக்கும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காக நாங்கள் தொடங்கவே இல்லை.

கமிட்டியின் பணம் எங்கே இருக்கிறது என்பது அடுத்த விஷயம். தண்ணீர்க் கமிட்டி என்று ஒவ்வொரு ஊரிலும் இருக்கும், தலைவர், செயலாளர், பொருளாளர் பெயரும் இருக்கும். கேட்க வேண்டியது நோட்டு. நாங்கள் உதவும் ஊரில் முதல் பம்புக்கு மாதாமாதம் வசூல் என்று வைத்திருந்தார்கள். நோட்டில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் பெயர்கள் நிரம்பி வழியும். டிசம்பருக்குப் பிறகு வெறும் கோடு. காசு இல்லாத மாதத்தில் யார் தருவார்கள்? இரண்டாவது பம்பின் பெண்கள் வேறு மாதிரி செய்திருந்தார்கள். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு இவ்வளவு கடலை என்று மொத்தமாக வாங்கி, விற்று, அந்தப் பணத்தைத் தங்கள் சேமிப்புக் குழுவின் பெட்டியில் போட்டார்கள். பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி மூன்று பேரிடம். குழுவிலேயே கடனாகக் கொடுத்து வட்டியும் சேர்கிறது. இப்படி ஒரு யோசனை எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. முதல் பம்பின் ஆட்களை அங்கே கூட்டிப்போய்ப் பார்க்க வைத்தோம். அதற்கு மேல் நாங்கள் பேசவேண்டியிருக்கவில்லை.

உதிரிபாகம்தான் இன்னும் பெரிய முடிச்சு. வாஷர், வால்வு ரப்பர், சங்கிலி, பேரிங் எல்லாம் எங்கே விற்கிறது என்று தேடினால் நியிம்பா வரை போகவேண்டும், சில சாமான் அங்கேயும் இருக்காது. ஒரு பஸ் டிக்கெட் விலை வாஷர் விலையைவிட அதிகம். அடிக்கடி தேயும் சாமான்களை ஒரு பெட்டியாக வாங்கி மெண்டரிடம் விற்பனைக்கு வைத்தோம். விற்கிற பணத்தில் அவரே மறுபடி வாங்கவேண்டும். இலவசமாக வைத்தால் அந்தப் பெட்டி ஒரே மழையில் காலியாகும் என்று ஹெட்மேனே சிரித்துக்கொண்டு சொன்னார்.

துணி, மிட்டாய், பழைய பொம்மை எதுவும் கொண்டுபோகாதீர்கள். ஐரோப்பாவின் பழைய துணி சாம்பியாவின் எல்லாச் சந்தைகளிலும் மலையாகக் குவிந்து கிடக்கிறது, நாம் இரண்டு பை சேர்ப்பதில் யாருக்கும் லாபமில்லை. மிட்டாயை வீசிப் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்குவதைப் படம் எடுப்பவர்களை வண்டியில் ஏற்றவே கூடாது என்பது என் கருத்து. படம் வேண்டும்தான், பணம் கொடுப்பவர்கள் கேட்கிறார்கள். நாங்கள் இந்த முறை அனுப்பியது அந்த ஓட்டைக் குழாயின் படம், கூடவே நோட்டின் இரண்டு பக்கம், ஊர்க்காரர்கள் பெயரை மறைத்து. பேனர் இல்லை, ரிப்பன் இல்லை. நன்கொடை குறையும் என்று பயந்தார்கள். குறையவில்லை. ஒரு பொறியாளர் மட்டும் குழாய்த் தரம் பற்றி மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினார்.

உதவி செய்பவர்கள் பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் இருக்கிறது. சாம்பியாவில் ஒவ்வொரு தொகுதிக்கும் வளர்ச்சி நிதி உண்டு. 2022இல் அதைத் தொகுதிக்கு 16 லட்சம் குவாச்சாவிலிருந்து 2.57 கோடியாக உயர்த்தினார்கள். போர்வெல், வகுப்பறை, மேசை நாற்காலி எல்லாவற்றுக்கும் ஊர்க்காரர்களே வார்டு கமிட்டி வழியாக விண்ணப்பிக்கலாம். அதே 2022இல் பள்ளிக்கல்வியும் பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசமானது, வகுப்பறைகள் நிரம்பி வழிகின்றன. எங்கள் ஆசிரியை அந்த நிதிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது நாங்கள் செய்தது மதிப்பீடு போட்டுக் கொடுத்ததும், மாவட்டத் தலைநகருக்கு அவர் போய்வரப் பஸ் கட்டணமும் மட்டும். மேசைகள் வந்தன. அரசு கொடுக்க வேண்டியதை நாம் கொடுத்துவிட்டால் அரசுக்கு வசதி, அவ்வளவுதான்.

மூன்றாவது போர்வெல்லுக்கு என்று வைத்திருந்த பணத்தை இப்போது பழைய இரண்டுக்கும் ஸ்டெயின்லெஸ் குழாய் போடவும், பக்கத்து ஊரில் நின்றுபோன பம்பை எழுப்பவும் திருப்பிவிட்டோம். பெண்களின் அடுத்த கோரிக்கை மாவு மில். தலையில் சோளத்தைச் சுமந்து மில்லுக்கு நடப்பது தண்ணீருக்கு நடப்பதைவிடத் தூரம் என்கிறார்கள். டீசல் மில் என்றால் ஓட்ட ஒரு ஆள், எரிபொருள், பெல்ட், லாபநஷ்டக் கணக்கு என்று அது ஒரு வியாபாரம். அறக்கட்டளை வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று எங்களில் பாதிப் பேர், பெண்களின் சேமிப்புக் குழுவுக்குக் கடனாகக் கொடுக்கலாம் என்று மீதிப் பேர். நான் இரண்டாவது கட்சி. மூன்று பூட்டுப் பெட்டியை நடத்தத் தெரிந்தவர்களுக்கு மில் நடத்தவும் தெரியும். அக்டோபரில் போகும்போது நியிம்பாவில் இரண்டு மில்காரர்களிடம் மாதச் செலவு கேட்டு வரச்சொல்லி அந்தக் குழுவின் பொருளாளரையே அனுப்புவதாக இருக்கிறது.